குடிநோய்ச் சிகிச்சைக்கு எந்தக் காப்பீடு கைகொடுக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எழுதியபோது, ‘மதுப்பழக்கத்துக்கான சிகிச்சை பொதுவாக இதில் அடங்காது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதால், இம்முறை ஊர்ப்பெயர் மட்டுமே இடம்பெறுகிறது. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடிக்கிறார். இப்போது காலையில் எழுந்ததும் கைநடுக்கம் நிற்பதற்கே ஒரு வாய் குடிக்க வேண்டியிருக்கிறது. கோவையில் காட்டிய மனநல மருத்துவர், மூன்று வாரமாவது உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட் மூன்று நிறுவனங்களின் பாலிசிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றுமே 5 லட்சம். மூன்றிலும் ‘மனநோய்ச் சிகிச்சை உண்டு’ என்று அச்சிட்டிருக்கிறது. பிரீமியம்தான் கூடக்குறைய இருக்கிறது. எதை எடுத்தால் இந்தச் செலவு கிடைக்கும் ஐயா? — கோத்தகிரி வாசகி

பதில்: மூன்றில் எதை இன்று எடுத்தாலும் இந்த மூன்று வாரச் செலவு உங்களுக்குக் கிடைக்காது அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எந்தப் புதிய பாலிசியிலும், விபத்தைத் தவிர்த்த மற்ற நோய்களுக்கு முதல் 30 நாட்கள் காத்திருப்புக் காலம். அதைக் கடந்தாலும், பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த எந்த நோயும் ‘முன்பே இருந்த நோய்’ என்ற கணக்கில் சேரும். அதற்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க வைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. (2024 ஏப்ரலுக்கு முன்பு இது 48 மாதங்களாக இருந்தது.) கோவை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு உங்கள் கையில் இருக்கிறது, ஆகவே உங்கள் கணவரின் நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்.

எனவே பாலிசிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பாலிசி அமையும்வரை வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். காலையில் கைநடுங்குகிற அளவுக்கு உடல் மதுவுக்குப் பழகிவிட்ட ஒருவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும்; இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவது போன்ற நிலை வந்தால் அது உயிருக்கே ஆபத்து. அந்த முதல் வாரத்துக்குத்தான் மருத்துவமனைப் படுக்கையும், நடுக்கத்தைப் படிப்படியாகத் தணிக்கும் மருந்தும், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கட்டாயம் வேண்டும். இதை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

இனி அந்த மூன்று பாலிசிகளுக்கு வருவோம். இந்த முறைச் செலவுக்கு உதவாவிட்டாலும் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை அல்ல. ஏனென்றால் குடிநோய் ஒரே சிகிச்சையில் முடிந்துவிடும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்வதில்லை, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் சேர்க்க வேண்டிய தேவை வரலாம். ஆனால் ஏஜென்ட் கொடுத்த வண்ணத்தாளை வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்திடமும் முழுப் பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். அதில் நீங்கள் படிக்க வேண்டியது நான்கைந்து பக்கம்தான்.

முதலில் விலக்குகள் (எவற்றுக்குப் பணம் கிடையாது என்ற பட்டியல்) என்ற பகுதியைத் திறந்து, 12 என்ற எண்ணிட்ட விலக்கைத் தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விலக்குகளின் வாசகத்தை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்தபோது, குடிநோய், போதைப்பொருள் பழக்கம், வேறு எந்த அடிமைப்பழக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சையும் ‘அவற்றின் விளைவுகளும்’ 12-ஆம் விலக்காக அமைந்தன. இந்த விலக்கைத் தன் பாலிசியில் வைக்கலாமா, எடுத்துவிடலாமா என்பது நிறுவனத்தின் விருப்பம். பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியிலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது. ஆகவே அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: உங்களிடம் உள்ள மூன்றில் ஏதாவது ஒன்றிலேனும் 12-ஆம் விலக்கு நீக்கப்பட்டிருந்தால், அல்லது ‘சிகிச்சை முறையாக மருத்துவமனையில் நடந்தால் தரப்படும்’ என்பதுபோலத் தளர்த்தப்பட்டிருந்தால், பிரீமியம் சற்று அதிகமானாலும் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடலாம். மூன்றிலும் இருந்தால், இந்த நோயைப் பொறுத்தவரை மூன்றுக்கும் வேறுபாடே கிடையாது.

‘அவற்றின் விளைவுகளும்’ என்ற இரண்டு சொற்களை விரல் வைத்துப் படியுங்கள். குடியை நிறுத்தும் சிகிச்சையை மட்டும் விலக்கினால் போகும் பணம் அவ்வளவு பெரிதல்ல. கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி, ரத்த வாந்தி என்று பிற்காலத்தில் லட்சக்கணக்கில் வரக்கூடிய செலவையும் சேர்த்து அடைப்பவை அந்த இரண்டு சொற்கள்தாம்.

அடுத்து, மூன்றிலும் அச்சிட்டிருக்கும் ‘மனநோய்ச் சிகிச்சை உண்டு’ என்ற வாசகத்தைப் பார்ப்போம். இது நிறுவனங்கள் மனமுவந்து கொடுத்த சலுகை அல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று சொல்கிறது. அதே சட்டம் மனநோய்க்குக் கொடுக்கும் விளக்கத்துக்குள், மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அடங்குகின்றன. ஒரு பக்கம் சட்டம் இப்படிச் சொல்ல, இன்னொரு பக்கம் 12-ஆம் விலக்கு அதே நோயை வெளியே தள்ளுகிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஆனால் என் கருத்தை நம்பி நீங்கள் பிரீமியம் கட்ட முடியாது.

அதனால் நடைமுறைக்கு வருவோம். பல பாலிசிகளில் மனநோய்ப் பகுதியின்கீழ் நோய்களின் குறியீட்டு எண்கள் ஓர் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கும். உலகளாவிய நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் எஃப் 10 என்பது மதுவால் வரும் மனக்கோளாறுகள், எஃப் 11 அபின் வகை, எஃப் 12 கஞ்சா. இப்படி எஃப் 19 வரை போதைப் பழக்கங்களுக்கு உரியவை. எஃப் 20 என்பது மனச்சிதைவு, எஃப் 32 என்பது மனச்சோர்வு. அட்டவணை எஃப் 20-இல் தொடங்குகிறதா, அதற்கு முன்னால் எஃப் 10 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வண்ணத்தாளில் உள்ள வாசகம் உங்கள் வீட்டுக்காக எழுதப்பட்டது அல்ல. இருந்தால், பக்கத்திலேயே ஓர் உச்சவரம்பு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் மனநோய்க்கு மட்டும் மிகக் குறைந்த தொகையை வரம்பாக வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இத்தகைய பாரபட்சத்தை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்ற ஒரு பாலிசிதாரருக்கு 2021-இல் சாதகமான தீர்ப்பும் கிடைத்திருக்கிறது.

மூன்றாவதாக, ‘மருத்துவமனை’ என்ற சொல்லுக்குப் பாலிசி தரும் விளக்கம். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 உள்நோயாளிப் படுக்கைகள், மற்ற இடங்களில் 15 படுக்கைகள், இருபத்துநாலு மணி நேரமும் தகுதியுள்ள மருத்துவரும் செவிலியரும், அறுவை அரங்கு, நாள்தோறும் எழுதப்படும் நோயாளிக் குறிப்பேடு ஆகியவை இருந்தால்தான் அது மருத்துவமனை. நம் நீலகிரி மாவட்டம் முழுவதையும் கூட்டினாலே 2011 கணக்கெடுப்பில் ஏழரை லட்சத்தை எட்டவில்லை என்பதால் இங்கு 10 படுக்கை போதும். கோவைக்கு இறங்கிவிட்டால் 15. ஆலோசகர் இருவரும் சமையலறையும் பிரார்த்தனைக் கூடமும் உள்ள மறுவாழ்வு இல்லம் எவ்வளவு நல்ல பணி செய்தாலும் இந்த விளக்கத்துக்குள் வராது. பழைய பாலிசிகள் சிலவற்றில், குடிநோயாளிகளுக்கான இடம் மருத்துவமனை ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். மேலும் 5-ஆம் விலக்கு, சிகிச்சைக்கு அல்லாமல் ஓய்வுக்காகவும் பராமரிப்புக்காகவும் தங்குவதை நீக்குகிறது. உங்கள் கணவருக்குச் சொல்லியுள்ள மூன்று வாரத்தில் முதல் ஏழெட்டு நாள் மருந்துச் சிகிச்சை, பிற்பகுதி ஆலோசனை என்று அமையுமானால், 12-ஆம் விலக்கு இல்லாத பாலிசியிலும் அந்தப் பிற்பகுதிக்குத் தகராறு வர இடமிருக்கிறது. வீடு திரும்பிய பிறகு மாதக்கணக்கில் நடக்கும் ஆலோசனையும் மாத்திரையும், புறநோயாளிச் செலவையும் தரும் பாலிசியாக இல்லாவிட்டால், ‘சிகிச்சைக்குப் பிந்தைய 60 நாள்’ அல்லது ‘90 நாள்’ என்று குறிப்பிட்டிருக்கும் காலத்துக்குள் மட்டுமே கிடைக்கும்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சில பாலிசிகளில் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்குப் பிரீமியத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டு, பிறகு சென்னையில் சேர்த்தால், பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் எந்த ஊருக்கு இறங்கிப் போவீர்கள் என்பதை முடிவுசெய்துகொண்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஒப்பந்த மருத்துவமனையே நம் பக்கத்தில் இல்லையே என்ற கவலை முன்பு பெரிதாக இருந்தது. 2024 ஜனவரி முதல், ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையிலும் 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டு கேஷ்லெஸ் வசதி (பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) கேட்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு குடும்பப் பாலிசியை எடுத்துவிடுவேன்; கணவரின் நோய் வரலாறு அதைத் தாமதப்படுத்தக் கூடாது. அவருக்குத் தனியாக, உள்ளதை உள்ளபடி எழுதி விண்ணப்பிப்பேன். மறுக்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், ஏற்கவும் செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், ஏஜென்ட் காட்டும் தொகையின்மேல் 18 விழுக்காடு வரி சேர்ந்திருந்தால் அது பழைய தாள் என்று புரிந்துகொள்ளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதனுடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். படித்துப் பார்த்து ஒத்துவராவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

(நம் மாவட்டத்தில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடையில் காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். புட்டிக்கு இருக்கிற இந்த உத்தரவாதம் அதைக் குடித்தவரின் உடம்புக்கு எந்தப் பாலிசியிலாவது இருக்கிறதா என்றுதான் இந்த வயதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

கேள்வி: நான் எஸ்டேட்டில் ஓட்டுநர். தினமும் குடிப்பவன் அல்லன். இங்கே அடிக்கும் குளிருக்கு இரவில் கொஞ்சம். காப்பீட்டுப் படிவத்தில் ‘மது அருந்துவீர்களா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்கிறார் ஏஜென்ட். ஐந்து ஆண்டு ஓடிவிட்டால் யாரும் கேட்க முடியாதாமே? — கூடலூர் வாசகர்

பதில்: படிவம் காரணத்தைக் கேட்பதில்லை, என்ன, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக என்றுதான் கேட்கிறது. குளிருக்காகக் குடித்தாலும் கல்யாணத்துக்காகக் குடித்தாலும் மில்லி கணக்கு ஒன்றே. (மது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்து உடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது, சூடேறியதுபோல் தெரியுமே தவிர உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும்.) உள்ள அளவை எழுதினால் பெரும்பாலும் பாலிசி கிடைத்துவிடும், மிஞ்சினால் ஒரு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள்.

ஐந்து ஆண்டு என்று ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. 60 மாதங்கள் இடைவிடாமல் பாலிசியைப் புதுப்பித்து வந்தால், அதன்பிறகு ‘நீங்கள் இதைச் சொல்லாமல் மறைத்தீர்கள்’ என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. 2024-க்கு முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஆனால் வேண்டுமென்றே செய்த மோசடி என்று நிறுவப்பட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைவிட முக்கியமானது, ஐந்து ஆண்டு கழிந்தாலும் நிரந்தர விலக்குகள் நிரந்தர விலக்குகளாகவே இருக்கும். 12-ஆம் விலக்கு உள்ள பாலிசியில் பத்தாம் ஆண்டிலும் அது உயிரோடிருக்கும். அந்த ஐந்து ஆண்டுக்குள் ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. படிவத்தில் மதுப்பழக்கத்தை மறைத்த ஒருவர் பாலிசி எடுத்த பிறகு மருத்துவமனையில் சேர்ந்து இறந்துபோனார். அவர் மனைவி கேட்ட தொகையை மறுத்தது சரியே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீண்டகால மதுப்பழக்கம் ஒரே நாளில் வருவதல்ல, அதை அறிந்தே மறைத்திருக்கிறார் என்பதுதான் அங்கே எடுபட்ட வாதம். படிவத்தில் கையெழுத்திட்டவர் போய்விட்டார். வழக்குக்காக அலைந்தவர் அந்த அம்மையார். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. ஆகவே பேனாவை நீங்களே பிடியுங்கள்.

கேள்வி: என் தம்பிக்குத் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தான். கணைய அழற்சி என்றார்கள். ஆறு ஆண்டாகக் கட்டிவரும் பாலிசி இருந்தும், 12-ஆம் விலக்கைக் காட்டி க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். அவன் எப்போதாவது விசேஷங்களில் குடிப்பவன்தான். அவனுக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகவும் ஸ்கேனில் வந்திருக்கிறது. என்ன செய்வது? — உதகை வாசகி

பதில்: முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, ‘தனிப்பட்ட பழக்கங்கள்’ என்ற வரியைப் படியுங்கள். நான் காப்பீட்டுப் பணியிலிருந்த காலத்தில் பார்த்த ஒரு க்ளெய்ம் இன்றும் நினைவில் இருக்கிறது. மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தவர் அவர். இரவுப்பணியில் இருந்த இளம் மருத்துவர், பழக்கம் உண்டா என்று கேட்டு, ‘உண்டு’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், ‘நாள்பட்ட மதுப்பழக்கம் உள்ளவர்’ என்று எழுதிவிட்டார். அளவும் இல்லை, காலமும் இல்லை. முறிந்தது எலும்பு, ஆனால் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கோப்பு நான்கு மாதம் மேசைக்கு மேசை போய்வந்தது. கடைசியில் அதே மருத்துவமனை, விபத்தின்போது அவர் குடித்திருக்கவில்லை என்று சான்று கொடுத்த பிறகே பணம் வந்தது.

உங்கள் தம்பியின் நிலையும் இதைப் போன்றதாக இருக்கலாம். கணைய அழற்சிக்கு மது ஒரு முக்கியக் காரணம் என்பது உண்மை. பித்தக்கல்லும் அதே அளவுக்கு முக்கியக் காரணம் என்பதும் உண்மை. ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிக அதிகமாவதும் ஒரு காரணம். ஸ்கேனில் கல் தெரிந்திருக்கும்போது, குடியின் விளைவு என்று நிறுவனம் சொன்னால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது நிறுவனம்தான். சிகிச்சை அளித்த மருத்துவரைப் பார்த்து, நோய்க்கான காரணம் எது என்று அவர் கருதுகிறார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்மரியில் பழக்கத்தைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால் திருத்தம் கேட்கலாம். உள்ளதை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு முறையீடு எழுதுங்கள். மறுப்புக் கடிதத்தில் எந்த விதியின்கீழ் மறுத்தார்கள் என்று இருக்க வேண்டும். 2024 விதிகளின்படி, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்பதால், அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்றும் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். 50 லட்சம் ரூபாய் வரையான தகராறுகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இதே விஷயமாக நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், எந்த வழியில் போவது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் குறைதீர்ப்பாளர்.

கேள்வி: மகன் பெங்களூருவில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கொரோனா காலத்தில் தொடங்கிய குடி இப்போது கைமீறிவிட்டது. அவனே சிகிச்சைக்குச் சம்மதிக்கிறான். அலுவலகம் கொடுத்த குழுக் காப்பீடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயப்படுகிறான். வெளியே தனியாகப் பாலிசி எடுத்துவிடலாமா? — குன்னூர் வாசகர்

பதில்: அவசரப்பட்டு வெளியே எடுக்க வேண்டாம். வெளியே எடுப்பதில் உள்ள காத்திருப்புக் காலங்களைக் கோத்தகிரி வாசகிக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. அத்துடன், எந்த விலக்கை வைப்பது, எதை நீக்குவது என்று வேலை கொடுத்த நிறுவனமும் காப்பீட்டாளரும் பேசி முடிவுசெய்ய முடியும். பெரிய நிறுவனங்கள் சில குடிநோய்ச் சிகிச்சையைச் சேர்த்தே வாங்குகின்றன. ஊழியர்களுக்குக் கொடுக்கும் இரண்டு பக்கச் சுருக்கத்தில் இது இருக்காது. முழு வாசகத்தைக் கேட்க வேண்டும். கேட்கும்போது குடிநோய் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ‘முழுப் பாலிசி வாசகமும் விலக்குப் பட்டியலும் வேண்டும்’ என்று கேட்டால் போதும்.

ரகசியத்தைப் பொறுத்தவரை, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மருத்துவமனை வெளியிடக் கூடாது என்பது 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு. மருத்துவ ஆவணங்களை மனிதவளத் துறை வழியாக அனுப்பாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கோ அதன் சார்பில் க்ளெய்மைக் கவனிக்கும் டிபிஏவுக்கோ மகனே நேரடியாக அனுப்பட்டும். விடுப்புக்கான சான்றிதழில் ‘உள்நோயாளிச் சிகிச்சை’ என்று மட்டும் எழுதித் தர மருத்துவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவர் பெங்களூருவில் இருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது: அங்கே ‘நிம்ஹான்ஸ்’ என்ற மனநல மருத்துவ நிறுவனத்தில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் செயல்படுகிறது. மத்திய அரசு நிறுவனமாகையால் கட்டணமும் தனியார் மருத்துவமனை அளவுக்கு இருக்காது. தானாகவே சிகிச்சைக்கு வருகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பாலிசி வாசகம் கிடைக்கும்வரை உட்கார வைக்காதீர்கள். அந்தச் சம்மதம் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வேலை மாறும்போது குழுக் காப்பீடு போய்விடும். அதே காப்பீட்டாளரிடம் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொண்டால், இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சமவெளியிலுள்ள ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அண்ணனை மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். காப்பீடு இருக்கிறது என்றதும், ‘டைபாய்டு என்று வேறு மருத்துவமனை பெயரில் பில் வாங்கித் தருகிறோம்’ என்கிறார்கள். இப்படிச் செய்யலாமா? — மஞ்சூர் வாசகர்

பதில்: கூடவே கூடாது. பொய் பில் கொடுப்பது மோசடி. பிடிபட்டால் பாலிசியே ரத்தாகும், மேலே சொன்ன 60 மாதப் பாதுகாப்பும் இதற்குக் கிடைக்காது. பணத்தை விடுங்கள், இப்படிப் பேசுகிற இடத்தில் அண்ணனை எப்படி நம்பி விடுவீர்கள்? மனநலச் சட்டத்தின்கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மையமா என்று பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், குடும்பத்தார் எப்போது வந்து பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்காவிட்டால் பஸ் ஏறித் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் தோட்டத் தொழிலாளர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் குடியை நிறுத்தும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா? தனியாகப் பாலிசி வாங்க எங்களுக்கு வசதியில்லை. — பந்தலூர் வாசகி

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான அந்த அட்டை இதய அறுவை, புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளுக்குப் பேருதவி, அதோடு இணைத்து நடத்தப்படும் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தின் விலக்குப் பட்டியலிலோ போதை மறுவாழ்வு இருக்கிறது. மறுவாழ்வு இல்லத்துக்கு அட்டையை நீட்டிப் பயனில்லை. ஆனால் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு உங்களுக்கு அட்டையும் தேவையில்லை, பாலிசியும் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் இது இலவசம். ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 700 படுக்கைகள் இருக்கின்றன. மனநலப் பிரிவுக்குப் போகும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால், பந்தலூரிலிருந்து போய்த் திரும்பும் ஒரு நாள் கூலி வீணாகாது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. உங்களுக்கு அருகில் எது என்று 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். 14416 மனநல உதவி எண். அதில் இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

போகும்போது, சிகிச்சைக்கு வருபவர் கடைசியாக எப்போது குடித்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு, இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். வரிசையில் நின்று உள்ளே போனதும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.